நுண்நாடுகளில் நாம் சந்தித்த போலிக் குடிமக்கள்: அனுபவப் பகிர்வு

நொய்யல்கரையான், திருப்பூர்

நுண்நாடு என்பது பிற அரசுகள் ஏற்காத, சிலர் தாமே அறிவித்துக்கொள்ளும் குட்டி நாடு. எங்களுடையது இணையத்தில் மட்டும் நடந்தது. 2012-இல் அதில் 11 குடிமக்கள் இருந்தோம். பிரதமர் தேர்தலில் நான் ஒரே ஒரு வாக்கில் தோற்றேன். எனக்கு எதிராக வாக்களித்தவர்களுள் ஒஸ்லோவில் வாழும் தமிழர் ஒருவரும், டொராண்டோவில் வாழும் அம்மையார் ஒருவரும், பல்லடத்துக்கு அருகில் விசைத்தறி வைத்திருந்த எங்கள் அரசரும் இருந்தனர். அந்த ஆண்டின் மின்வெட்டைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அரசரைக் கைபேசியில் அழைத்தேன். தறியின் ஓசையே கேட்கவில்லை. "கரண்ட் இல்லீங்க தம்பி, சும்மாதான் உக்காந்திருக்கறேன்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே தறிகள் தடதடவென்று ஓடத் தொடங்கின. "அப்புறம் கூப்பிடறனுங்க" என்று வைத்துவிட்டார். பனியன் கம்பெனியின் ஜெனரேட்டர் தயவில் நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். காலையிலிருந்து வாய் திறக்காத ஒஸ்லோக்காரர் அடுத்த ஐந்து நிமிடங்களில் வரவுசெலவுத் திட்டத்தைக் கண்டித்து எழுதினார். சற்று நேரத்தில் டொராண்டோ அம்மையார் அதை வழிமொழிந்தார். டொராண்டோவில் அப்போது பொழுதே விடிந்திருக்காது.

அரசரிடம் நான் இன்றுவரை இதைக் கேட்கவில்லை. அவர் மகள் திருமணத்துக்குப் போய் மொய்கூட வைத்துவிட்டு வந்தேன்.

பச்சைமலையாள், கோபி

நொய்யல்கரை அண்ணா, உங்களுக்குப் பதவி போனதோடு முடிந்தது. எங்கள் நாட்டில் கவிதை எழுதும் பெண்ணொருத்தி இருந்தாள். வயது பத்தொன்பது என்றும், சிறுநீரக நோய் என்றும் சொல்லியிருந்தாள். அவள் நிலை மோசம் என்று அவளுடைய அண்ணன் அறிவித்த வெள்ளிக்கிழமையன்று நான் பாரியூர் கோவிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியாததால் ரேவதி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி மூன்று நாள் துக்கம் கடைப்பிடித்தோம். அவளுடைய முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால், பின்னல் மட்டும் தெரியும்படி ஓர் அஞ்சல்தலையை நான்தான் வரைந்தேன். பிறகு அண்ணன் எழுதிய நன்றிக் கடிதத்தைப் படித்தபோது, 'ஞாபகம்' என்பதை அவளைப் போலவே 'நியாபகம்' என்றும், வரி முடிவில் அவளைப் போலவே இரண்டு புள்ளிகள் மட்டும் வைத்தும் எழுதியிருந்ததைக் கண்டேன். அவளைப் படைத்தவர் வேறு யாரோ. ஆனால் இல்லாத அந்தப் பெண்ணுக்கு நட்சத்திரம் கொடுத்தவள் நான்தான்.

அமராவதியார், தாராபுரம்

மேலே எழுதிய இருவரும் பொறுத்தருள வேண்டும். 'நியாபகம்' என்று எழுதுவோர் தமிழ்நாட்டில் எண்ணற்றோர். அதை வைத்து ஒருவரைக் கைப்பாவைக் கணக்கு, அதாவது வேறொருவர் ஒளிந்து நடத்தும் போலிக் கணக்கு, என்று தீர்ப்பெழுதுவது முறையன்று. எங்கள் நுண்நாட்டில் நான் அமைச்சராக இருந்தபோது, ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்த இரண்டு கணக்குகளை நீக்கினேன். அவர்கள் ஒரே வீட்டில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும். தம்பி தன் பள்ளி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். அதை நான் திறந்தது எட்டு மாதம் கழித்து.

ஆகவே சில யோசனைகள் சொல்கிறேன். கைபேசி இணையத்தில் பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ள நேரும். விபிஎன் (தன் இணைய முகவரியை மறைக்கும் சேவை) வைத்திருப்பவர் விரும்பிய நாட்டில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம். எனவே முகவரி மட்டும் சான்றாகாது. எழுதும் நேரம், ஒருவர் எழுதும்போது மற்றவர் அடங்கியிருப்பது, வாக்கெடுப்புக்கு மட்டும் விழித்தெழும் பழக்கம் ஆகியவை சேர்ந்து பொருந்தினால்தான் ஐயுற வேண்டும். அதன் பிறகும், பலர் முன்னிலையில் குற்றம் சாட்டாமல், குரல்வழி பேச அழைத்துப் பாருங்கள்.

இந்த நோயின் வேர் வேறு. 1933-ஆம் ஆண்டு மான்டிவிடியோ உடன்படிக்கை, ஓர் அரசுக்கு நிரந்தர மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது. பேர்பெற்ற நுண்நாடுகளில் சீலாந்துக்கு ஆங்கிலேயக் கரைக்கு அப்பால் ஒரு பழைய போர்க்கால மேடையாவது இருக்கிறது. மொலோசியாவுக்கு நெவாடாவில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. 1979-இல் மில்வாக்கியில் பதினான்கு வயதுச் சிறுவன் தொடங்கிய டலோசாவுக்கு அவனுடைய அறை இருந்தது. நம் கொங்கு மண்டலத்தின் பழைய உட்பிரிவுகளான 24 நாடுகளை எடுத்துக்கொண்டாலும், பூந்துறை நாட்டுக்கும் காங்கய நாட்டுக்கும் மண்ணும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். திரையில் மட்டும் நாடு நடத்துபவருக்குக் காட்டிக்கொள்ள ஆள் கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லாததால், அதைத்தான் பெருக்குகிறார்.

நொய்யல்கரையான், திருப்பூர்

அமராவதியார் அவர்களே, நான் யோசனை கேட்கவில்லை. அந்த அண்ணன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லையே.

பெயர் வேண்டாம், கோவை

நான் மறுகரையில் இருந்தவன். என் நுண்நாட்டில் ஏழு போலிக் குடிமக்களை வைத்திருந்தேன். யார் எந்த ஊர், யாருக்கு யார்மேல் கோபம் என்பதையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எதிர்க்கட்சித் தலைவியாக நான் உருவாக்கிய பெண்ணுக்குக் குவிந்த பொங்கல் வாழ்த்துகளில் பாதிகூட அரசனான எனக்கு வந்ததில்லை. அவள்மீது எனக்கே பொறாமை உண்டு.

ஊட்டியிலிருந்து ஒருவர் அவளைச் சந்திக்க வேண்டும் என்று விடாமல் கேட்டார். ஒருமுறை, வருவதாக அவள் பெயரில் எழுதிவிட்டேன். காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் அவர் நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கையில் வர்க்கிப் பொட்டலம் ஒன்று. நான் பெட்டிக்கடை ஓரமாக நின்று இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் நேராக என்னிடமே நடந்து வந்தார். பிடிபட்டுவிட்டோம் என்றே எண்ணினேன்.

"ஏனுங்க, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்த வண்டில ஏறோணுங்க?" என்று கேட்டார். நான் வண்டியைக் காட்டினேன். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தவர், வண்டி திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.