லெயிஃப் எரிக்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும்: நார்டிக் நினைவிடங்களில் கண்டவை, கேட்டவை

சியாட்டிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

அமெரிக்காவில் அக்டோபர் 9 லெயிஃப் எரிக்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில் கிரீன்லாந்திலிருந்து கடல் கடந்து வட அமெரிக்கக் கரையில் இறங்கிய அந்த மாலுமிக்கும் இந்தத் தேதிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. 1825-இல் நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து குடியேற வந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ‘ரெஸ்டோரேஷன்’ என்னும் சிறிய பாய்க்கப்பல் நியூயார்க்கை அடைந்த நாள் அது. 52 பேருடன் புறப்பட்ட கப்பல், நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்ததால் 53 பேருடன் வந்து சேர்ந்தது. கப்பலின் அளவுக்கு ஆட்கள் அதிகம் என்று அபராதம் விதிக்கப்பட்டு, பின்னர் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதைத் தள்ளுபடி செய்தார்.

இங்கே ஷில்ஷோல் விரிகுடாவின் படகுத்துறையில் 17 அடி உயர லெயிஃப் எரிக்சன் சிலை ஒன்று கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1962-இல் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில் நிறுவப்பட்ட அதை வடித்தவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த ஆகஸ்ட் வெர்னர். சிலையைவிட என்னை நிறுத்தி வைத்தவை அதைச் சுற்றி நடப்பட்டிருக்கும் கற்கள்தாம். அவற்றில் பதித்த வெண்கலத் தகடுகளில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய சாதாரண மனிதர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணிக்குக் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது போன்றதுதான் என்றாலும், இங்கே பெயர் இடம்பெறப் புலம்பெயர்ந்து வந்ததே தகுதியாக இருக்கிறது.

அங்கே எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், கைக்குட்டையால் ஒரு தகட்டின் மேல் படிந்திருந்த பறவை எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேச்சுக் கொடுத்ததும், தம் தாத்தா அலாஸ்கா பக்கம் ஹாலிபட் மீன்பிடிக்கச் செல்லும் படகுகளில் வேலை பார்த்தவர் என்று சொல்லிப் பெயரைக் காட்டினார். “இவர் வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்விட்டார், என் தாத்தாதான் போகவில்லை” என்று சிலையை நோக்கிக் கையை நீட்டி அவர் சொன்னதைவிடச் சரியான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இதே சிலையின் நகல்கள் நார்வேயின் துரொந்தெய்மிலும், கிரீன்லாந்தில் லெயிஃபின் தந்தை எரிக் குடியிருந்த பிராட்டாலிட்டிலும் நிறுவப்பட்டுள்ளன என்பதையும் அவர்தான் சொன்னார்.

அருகிலுள்ள பாலர்ட் பகுதி ஒரு காலத்தில் மர ஓடு அறுக்கும் ஆலைகளாலும் மீன்பிடிப் படகுகளாலும் வாழ்ந்தது. அந்த வேலைகளில் நார்வேயரும் சுவீடியரும் பெருமளவில் இருந்தார்கள். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கணினித் துறையினர் (என்னையும் சேர்த்துத்தான்) நிறைந்திருந்தாலும், மே 17 அன்று நார்வே அரசியல் சாசன நாள் ஊர்வலம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. 2018-இல் புதுக் கட்டடத்துக்கு வந்த நார்டிக் அருங்காட்சியகத்தில், நடுக்கூடத்தை ஒரு ஃபியோர்டாக (மலைகளுக்கு இடையே உள்நுழையும் குறுகிய கடற்கழி) அமைத்து, ஒருபுறம் தாயகத்தையும் மறுபுறம் அமெரிக்க வாழ்வையும் வைத்து, இடையே பாலங்களால் இணைத்திருக்கிறார்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். தேவாலய விருந்துகளில் பரிமாறும் ‘லூட்டெஃபிஸ்க்’ பற்றி மட்டும் எச்சரித்துவிடுகிறேன்: சோடாக் காரம் கலந்த நீரில் ஊறவைத்து, பின் நல்ல நீரில் பலமுறை அலசி வேகவைக்கும் அந்தக் காய்ந்த மீன், கரண்டியில் கூழாக நடுங்கும். கூடவே வரும் உருளைக்கிழங்கு ரொட்டியான லெஃப்ஸேயை வெண்ணெய் தடவி உண்டால் யாருக்கும் பிடிக்கும்.

மினசோட்டாவிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

எங்கள் மாநிலத்தில் இந்தப் பெருமிதம் ஒரு படி மேலே போனது. 1898-இல் கென்சிங்டன் அருகே ஓலோஃப் ஓமன் என்ற சுவீடிய விவசாயி, மர வேர்களுக்கு இடையிலிருந்து ரூன் எனப்படும் பழைய ஸ்காண்டிநேவிய எழுத்துகள் பொறித்த கல் ஒன்றை எடுத்ததாக அறிவித்தார். 1362-இல் ஸ்காண்டிநேவியர்கள் இங்கே வந்ததாக அது கூறுகிறது. மொழியறிஞர்களில் பெரும்பாலோர் அதை 19-ஆம் நூற்றாண்டுக் கைவேலை என்றே கொள்கின்றனர். ஆயினும் அலெக்சாண்ட்ரியா நகரம் அக்கல்லுக்கு அருங்காட்சியகம் வைத்து, வெளியே 28 அடி வைக்கிங் வீரன் ஒருவனையும் நிறுத்தி, அவன் கேடயத்தில் ‘அமெரிக்காவின் பிறப்பிடம்’ என்று எழுதியிருக்கிறது. அங்கே நான் சந்தித்த உள்ளூர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “எங்களுக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் பந்தயம் கட்ட மாட்டோம்” என்றார்.

டொராண்டோவிலிருந்து:

நார்ஸ் மக்கள் (பழங்கால ஸ்காண்டிநேவியர்) வட அமெரிக்காவுக்கு வந்ததற்கு ஐயமற்ற சான்றைக் காண வேண்டுமானால் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையிலுள்ள லான்ஸ் ஓ மெடோஸுக்குத்தான் போக வேண்டும். 1960-இல் நார்வே ஆய்வாளர் ஹெல்கே இங்ஸ்டாட் அவர்களின் பழைய குடியிருப்பைத் தேடி விசாரித்துக்கொண்டு வந்தபோது, உள்ளூர் மீனவரான ஜார்ஜ் டெக்கர்தான் புல் மூடிய மேடுகளைக் காட்டினார். அகழாய்வை நடத்தியவர் ஹெல்கேயின் மனைவி ஆன் ஸ்டைன். இரும்பு உருக்கிய அடையாளம், வெண்கல ஊசி, நூல் நூற்கும் தக்கிளியின் வட்டு ஆகியவை கிடைத்தன. அந்தக் குளிரில் விளையாத பட்டர்நட் கொட்டைகளும் கிடைத்ததால், அவர்கள் இன்னும் தெற்கே சென்று வந்திருக்க வேண்டும். உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகளை ஆராய்ந்தவர்கள், அவை 1021-இல் வெட்டப்பட்டவை என்று 2021-இல் அறிவித்தார்கள். நார்ஸ் மக்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அக்கரையில் பூர்வகுடிகள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால், ‘கண்டுபிடித்தவர்’ என்ற பட்டத்தை யாருக்கும் தர எனக்கு மனம் வரவில்லை.

புல்தரை போர்த்திய வீடுகளை மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே அடுப்புப் புகை கண்ணை எரிக்கும். ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். கோடையிலும் பனிப்பாறைக் காற்று வீசுவதால் கம்பளி உடை கட்டாயம் வேண்டும். தங்குவதற்குப் பக்கத்து ஊரான செயின்ட் ஆன்டனி வசதியாக இருக்கும்.