ஆற்றோரப் பாதை என்றால் ஏற்றம் இருக்காதா? இரண்டு நாள் கிராவல் ரூட்டுக்கு யோசனை தேவை

தூவானம்:

வணக்கம். கிராவல் பைக் (சரளை, மண் பாதைகளிலும் ஓட்டக்கூடிய சைக்கிள்) வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை போனதெல்லாம் ஒரே நாளில் முடிகிற, 60 கிலோமீட்டருக்குள் அடங்கும் பாதைகள்தான், அதிலும் பாதிக்கு மேல் தார் ரோடு. இப்போது முதல்முறையாக இரண்டு நாள் பயணம் ஒன்றை நானே வரைந்திருக்கிறேன், மொத்தம் 118 கிலோமீட்டர். முதல் நாள் காட்டுக்குள் ஏறி, மலைமுகட்டைக் கடந்து, அந்தப் பக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும், 66 கிலோமீட்டர். இரண்டாம் நாள் ஆற்றின் இடக்கரையை ஒட்டியே கீழே வர வேண்டும், 52 கிலோமீட்டர். ஆறு இறங்குகிற திசையில்தானே நாமும் போகிறோம், இரண்டாம் நாள் ஓய்வு மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் அப்படிப் பிரித்தேன்.

குழப்பம் என்னவென்றால், பாதையை வரைந்து சேமித்த ஒரே ஜிபிஎக்ஸ் கோப்பை இரண்டு செயலிகளில் போட்டுப் பார்த்தால் ஒன்று மொத்த ஏற்றம் 1,950 மீட்டர் என்கிறது, மற்றொன்று 2,600 என்கிறது. 650 மீட்டர் வித்தியாசம் என்பது என் கால்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. அதைவிட, இரண்டாவது செயலி ஆற்றோரப் பகுதியிலேயே ஆயிரத்துக்கு மேல் ஏற்றம் காட்டுகிறது. எதை நம்புவது?

வண்டி: முன்னால் பெடலோடு ஒரே 40 பல் செயின்ரிங் (பல்சக்கரம்), பின்னால் 11-36 காசெட் (11 முதல் 36 பல் வரையிலான பல்சக்கரத் தொகுப்பு), 38 மிமீ டயர், உள்ளே டியூப். என் எடை 74 கிலோ. பைகளையும் வண்டியையும் சேர்த்தால் 90ஐத் தாண்டும். இதே அமைப்போடு போகலாமா, இல்லை ஏதாவது மாற்ற வேண்டுமா?

வரைபடப்பித்து:

முதலில் அந்த 650 மீட்டர் விஷயம். பல செயலிகள் உயரத்தை எடுப்பது 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் 11 நாள் ரேடார் வைத்து அளந்த தரவிலிருந்து. அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் கிட்டத்தட்ட 30 மீட்டர் இடைவெளி. சமவெளியில் இது போதும். குறுகலான பள்ளத்தாக்கில் 30 மீட்டர் தள்ளினால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துச் சரிவு. உங்கள் கோடு அரை விரல் விலகினாலும் செயலி உங்களைச் சரிவில் ஏற்றி, மறுபடி ஆற்றுக்கு இறக்கி, அத்தனையையும் ஏற்றக் கணக்கில் சேர்த்துவிடும். அடர்ந்த காட்டில் ரேடார் பட்டுத் திரும்புவது பெரும்பாலும் மர உச்சியில், தரையில் இல்லை. அதனால் காடு முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் பொய்யாக ஒரு இறக்கம் தெரியும். ஒரு செயலி இந்த மேடுபள்ளங்களை நிறைய மழித்துவிட்டுக் கூட்டுகிறது, இன்னொன்று குறைவாக மழிக்கிறது. வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

அதற்காகச் சிறிய எண்ணை நம்பிவிடாதீர்கள். இரண்டாம் நாள் ஓய்வு என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாதை தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஒட்டிப் போனால் சரி. ஆனால் காட்டுப் பாதைகள் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில், சரிவின் பாதியில் போகும். அப்போது ஆற்றில் வந்து சேருகிற ஒவ்வொரு ஓடையையும் நீங்கள் கடக்க வேண்டும். ஓடை தனக்கென்று ஒரு பள்ளத்தை அறுத்து வைத்திருக்கும், பாதை அதில் இறங்கி மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் 30 மீட்டர்தான், ஆனால் இருபது ஓடை என்றால் 600 மீட்டர், அதுவும் வேகம் பிடிக்கவே விடாத, குட்டை குட்டையான, செங்குத்தான ஏற்றங்களாக. முகட்டுக்கு ஒரே சீராக 600 மீட்டர் ஏறுவதைவிட இது காலை அதிகம் தின்னும்.

ஆகவே மொத்த எண்ணை மறந்துவிட்டு, சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தைத் திறந்து, உங்கள் கோட்டை எத்தனை நீல இழைகள் குறுக்கே வெட்டுகின்றன என்று கையால் எண்ணுங்கள். இரண்டு கரைக்கும் எண்ணுங்கள். ஒரு கரையில் கிளை ஓடைகள் அதிகமாகவும் மறுகரையில் குறைவாகவும் இருக்கும், பல ஆறுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பழைய ரயில் தடம் பாதையாக மாறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கரையை எடுங்கள். ரயிலுக்குப் போட்ட தடம் 2, 3 சதவீதத்துக்கு மேல் சாய்வது அரிது, ஓடைகளுக்குப் பாலமும் இருந்திருக்கும்.

அப்புறம் தரை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் காட்டுப் பாதைகளுக்கு ‘டிராக்டைப்’ என்று ஒரு குறிப்பு உண்டு, கிரேடு 1 முதல் 5 வரை. 1 கெட்டியான தரை, 5 வெறும் மண்ணும் புல்லும். பைகளோடு போகும்போது 3 வரை நிம்மதி. 4 என்றால் மழைக்குப் பிறகு இறங்கித் தள்ள வேண்டி வரலாம். குறிப்பே இல்லாத பாதைகளைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரத் தடம் வெளிறித் தெரிந்தால் வண்டிகள் போகின்றன என்று அர்த்தம்.

முட்டிவலி:

கியர் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

40க்கு 36 என்றால் உங்கள் மிகச் சிறிய கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.11 சுற்று. நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தாலே மணிக்கு கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் போயாக வேண்டும். 90 கிலோவைச் சரளையில் 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தில் இழுக்க 250 வாட்டுக்கு மேல் வேண்டும். பத்து நிமிடம் முடியும், ஒரு மணி நேரம் நம்மில் பெரும்பாலோரால் முடியாது. முடியாதபோது 40 தடவை மிதித்துத் திணறுவோம், முட்டி போவது அப்போதுதான். முன்னால் 36, பின்னால் 42 போட்டால் அதே 60 மிதிக்கு 7 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், 200 வாட் பக்கம். பின் டிரெயிலியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 42ஐத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காவிட்டால் செயின்ரிங்கை மட்டும் சிறிதாக்குங்கள், மலிவான வழி அதுதான். இறக்கத்தில் மிதிக்க முடியாமல் சுற்றும், சுற்றட்டும், சரளை இறக்கத்தில் மிதிக்கத் தேவையே இல்லை.

உட்கார்ந்தபடியே ஏறுங்கள். நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து சரளையில் வழுக்கும்.

கூழாங்கல்:

வரைபடப்பித்து சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வேன். வெளிறிய தடம் என்றால் வண்டிகள் போகின்றன, சரி, ஆனால் அது நல்ல செய்தியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மரம் ஏற்றும் லாரிகள் போகிற பாதை பெரும்பாலும் 10, 12 சதவீதத்துக்குள் சீராக ஏறும், அதில் ஏறுவது சுகம். அதே பாதையில் இறங்கும்போது வளைவுக்கு முன்னால், லாரிகள் பிரேக் பிடிக்கும் இடத்தில், தரை அலை அலையாக இருக்கும். கை நடுங்கி பிரேக் நெம்புகோல் விரலை விட்டே நழுவும். என்னைக் கேட்டால் லாரிப் பாதையில் ஏறி, முகட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பாதையில் இறங்கும்படி திசையைப் பாருங்கள். இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். உதிரிக் கல் பாதையின் நடுவிலும் ஓரத்திலும் குவிந்திருக்கும், சக்கரம் ஓடி ஓடிச் சுத்தமான இரண்டு கோடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டயர்: ஃபிரேம் இடம் கொடுத்தால் 45 மிமீ, டியூப்லெஸ். டியூப் வைத்துக் காற்றைக் குறைத்தால் கூரான கல் ரிம்மோடு சேர்த்து டியூபை நசுக்கி இரட்டை ஓட்டை போடும், அதற்குப் பயந்து காற்றை ஏற்றினால் வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். என் எடை உங்களுடையதற்குப் பக்கம்தான். 45 மிமீயில் முன்னால் 27, பின்னால் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைக்கிறேன். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் (சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிய தேதியை எழுதி வையுங்கள், சில மாதங்களில் உலர்ந்துவிடும். டியூப்லெஸ் ஆனாலும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும், டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் காப்பாற்றாது.

ஒரு கேள்வி. முதல் நாள் இரவு எங்கே தங்குகிறீர்கள்? ஆற்றங்கரை மணலில் கூடாரம் என்று திட்டமிருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறும். குளிர்ந்த காற்றும் இரவில் பள்ளத்தின் அடியில்தான் வந்து தேங்கும். முப்பது, நாற்பது மீட்டர் மேலே ஒரு திட்டில் தங்கினாலே பனி ஈரம் குறையும், குளிரும் குறையும்.

தூவானம்:

எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவு முழுக்க வரைபடத்தோடுதான் இருந்தேன். இடக்கரையில் எண்ணினேன்: 23 ஓடை. வலக்கரையில் 8. எனக்கே நம்ப முடியவில்லை, இரண்டு தடவை எண்ணிவிட்டேன். வலக்கரைக்குப் போனால் தூரம் 6 கிலோமீட்டர் கூடுகிறது, அதற்காகக் கவலைப்படப் போவதில்லை. பாதை முக்கால்வாசி கிரேடு 2, நடுவில் 4 கிலோமீட்டர் மட்டும் கிரேடு 4.

கூழாங்கல், ஆமாம், கரையில்தான் கூடாரம் போடுவதாக இருந்தேன். இப்போது இறக்கம் முடிவதற்கு 2 கிலோமீட்டர் முன்பே, மேலே ஒரு வெட்டவெளியில் தங்கலாம் என்று மாற்றியிருக்கிறேன். காட்டுக்குள் இரவு தங்க அனுமதி வேண்டும், அதையும் கேட்டிருக்கிறேன். செயின்ரிங் 36 மாற்றுகிறேன். என் டிரெயிலியர் 42ஐத் தாங்காது, காசெட் அப்படியே இருக்கும், ஆக 36க்கு 36. டயர் 45, டியூப்லெஸ்.

முட்டிவலி:

36க்கு 36 போதும், முதல் நாள் பைகளில் எடையைக் குறைத்தால். இரண்டு நாளுக்கு ஒரு மாற்று உடை போதும்.

வரைபடப்பித்து:

8 ஓடை அருமை. ஆனால் வலக்கரைக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டுமே, பாலமா, இறங்கிக் கடக்கிற துறையா? துறை என்றால் இடக்கரை வழியையும் கைபேசியில் சேமித்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.

தூவானம்:

பாலம்தான். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன், அதன் நிழல்கூடத் தண்ணீர்மேல் விழுந்திருக்கிறது. இடக்கரைக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.