புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டுக்கு மரம் முடிவாகிவிட்டது

கோத்தகிரி வீட்டின் சன்னல், கதவுகளை மாற்றத் தேக்கா, வேங்கையா, சில்வர் ஓக்கா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வெளிப்பக்கம் முழுக்கத் தேக்கு, உள்ளறைக் கதவுகளுக்குச் சில்வர் ஓக்.

சில்வர் ஓக் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் மரம். இங்கே எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் நனைந்து நனைந்து காயும் இடத்தில் தாங்காது. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைச் சும்மா விடாது, மூடுபனி வேறு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. உப்பலும் சுருக்கமும் குறைவு.

தேக்கு என்றால் மட்டும் போதாது. ஆசாரி அண்ணன் ஒரு பலகையின் முனையைச் சீவிக் காட்டினார்: நடுவில் பொன்பழுப்பு வைரம், அதாவது முதிர்ந்த உள்மரம்; ஓரத்தில் விரலகல வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் பூச்சி முதலில் அரிக்கும். அதைக் கழித்தே அளவு போட்டோம். கீழே சமவெளியில் காய்ந்த மரம் இங்கே ஈரம் இழுக்கும் என்பதால், பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி வீட்டுக்குள்ளேயே காற்றாட விட்டிருக்கிறோம். அப்புறம், சன்னலின் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளம்) எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வழியும் நீர் சுவருக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

வேங்கையும் நல்ல மரம்தான், கனம் அதிகம் என்று விட்டோம். சரி, பூச்சுக்கு எண்ணெயா, வார்னிஷா? மலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.