எபிடாரஸ் கல் அரங்கில் இன்னும் நாடகம் போடுவது சரியா?

சுண்ணக்கல்:
கிரீஸில் எபிடாரஸ் பார்த்துவிட்டு வந்தேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டு அரங்கு. 55 வரிசை கல்படி, ஏறத்தாழ 14,000 பேர் உட்காரலாம். கீழே நடுவட்டத்தில் ஒருவர் காசைப் போட்டார், அந்தச் சத்தம் மேலே கேட்டதும் அங்கே இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். என் கண்ணில் பட்டது வேறு: மழுங்கிப்போன படி விளிம்புகள். ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானவர்களை அதன்மேல் ஏற்றுவது என்ன நியாயம்? நாடகத்துக்கு வேறு அரங்கு கட்டிக்கொள்ளட்டும்.

மேடைப்பித்து:
பகலில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காற்றிலா நடக்கிறார்கள், சார்? நீங்களும் மிதித்துத்தானே ஏறினீர்கள்? நாடகம் கோடை வார இறுதி இரவுகளில் மட்டும். ஹை ஹீல்ஸ் போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். 1938இல் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா'வை அங்கே போட்டார்கள், 1955 முதல் ஆண்டுதோறும் நாடக விழா. பெரிய பழுதுபார்ப்பு நடந்ததும் அதே 1950களில்தான். ஆள் புழங்காத இடத்துக்கு எந்த அரசு காசு செலவழிக்கும்?

சுண்ணக்கல்:
1881இல் தொல்லியலாளர் கவ்வாடியாஸ் தோண்டத் தொடங்கும்வரை மண்தான் அதைக் காப்பாற்றியது. யாரும் புழங்கவில்லை, கல் அப்படியே இருந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்? பழைய மேடைக் கட்டடத்தில் மிஞ்சியது அடித்தளம் மட்டும். அதன் பக்கத்திலேயே செட், விளக்கு, ஒயர்!

ஒலிக்கணக்கு:
நடுவில் நுழைகிறேன். அந்தக் காசு வித்தையை நம்பாதீர்கள். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். காசு விழும் சத்தம் மேல்வரை எட்டும், ஆனால் அது காசு என்று தெரிவது பாதி உயரம்வரைதான். கிசுகிசுப்பு முன்வரிசையைத் தாண்டாது. குரலை உயர்த்திப் பேசினால் கடைசி வரிசைக்கும் சொல் புரிகிறது. அதற்கு முன் 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, படிவரிசைகளே கீழ் ஸ்தாயி இரைச்சலை வடிகட்டுகின்றன என்றது. அதாவது கூட்டத்தின் சலசலப்பு மங்கும், நடிகரின் குரல் நிற்கும்.

மேடைப்பித்து:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! நடிகர் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தால்தான் அந்தக் கட்டடம் வேலை செய்கிறது. 1960இல் ஓபரா பாடகி மரியா காலஸ் அங்கே 'நார்மா' ஓபராவைப் பாடினார். அதைவிட்டுக் காசு போட்டுக் காட்டுவது, வீணையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பெட்டியைத் தட்டிக் காட்டுகிற மாதிரி.

சுண்ணக்கல்:
உவமை அழகு. ஆனால் உடைந்த வீணைக்குத் தந்தி மாற்றலாம், தேய்ந்த கல்லை வளர்க்க முடியாது. முழுக்க நிறுத்த வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். கீழே உள்ள 34 வரிசைக்கு மட்டும் டிக்கெட் கொடுக்கட்டும். மேலே 21 வரிசை ஓய்வெடுக்கட்டும்.

மேடைப்பித்து:
அந்த மேல் வரிசைதான் சார் விலை குறைந்த டிக்கெட். எங்களை மாதிரி ஆட்கள் எங்கே போய் உட்காருவது?