யோஷிதா சொன்னது பொய் என்றால் மற்றதும் பொய்யா?

கடலோடி:
ஆகஸ்ட் 14 வந்தாலே ‘ஆறுதல் பெண்கள்’ பற்றிய பதிவுகள் வரிசைகட்டி வருகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவம் தன் படைவீரர்களின் பாலியல் தேவைக்காக விடுதிகளில் அடைத்து வைத்த கொரிய, சீன, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்களைத்தான் சொல்கிறேன். கொடுமை நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நாம் சொல்லும் விதத்தில்தான் சந்தேகம். யோஷிதா செய்ஜி என்ற ஜப்பானியர், போர்க்காலத்தில் கொரியாவின் ஜெஜு தீவில் தானே பெண்களைப் பிடித்து வந்ததாகச் சொன்னார். அது கட்டுக்கதை என்று தெரிந்து, 2014ல் அசாஹி நாளிதழ் தன் பழைய செய்திகளைத் திரும்பப் பெற்றது. 1996ல் ராதிகா குமாரசாமி ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையிலும் யோஷிதாவின் பேச்சு இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்தால், வரலாற்றாசிரியர் ஹாதா இக்குஹிகோ 20,000 என்கிறார், மற்றவர்கள் 2 லட்சம் வரை போகிறார்கள். பத்து மடங்கு வித்தியாசம்! இந்த நிலையில் கல்லில் எண்ணிக்கையைப் பொறித்து நினைவுச்சின்னம் வைப்பது சரியா? முதலில் ஆய்வு முடியட்டும்.

செங்காந்தள்:
யோஷிதாவை முழுசாகத் தள்ளிவிடுங்கள். அவர் பேச்சை எடுத்துவிட்டாலும் வழக்கு அப்படியே நிற்கிறது. 1990ல் ஜப்பானிய நாடாளுமன்றத்தில், இந்தப் பெண்களைக் கூட்டிப்போனது தனியார் தரகர்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. அதைப் பொறுக்க முடியாமல்தான் 1991 ஆகஸ்ட் 14 அன்று, பாதிக்கப்பட்ட கொரியப் பெண்ணான கிம் ஹக்-சூன் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். அதைப் பார்த்த யோஷிமி யோஷியாகி என்ற பேராசிரியர் டோக்கியோவில் பாதுகாப்புத் துறை நூலகத்தில் தேடி, விடுதிகளில் ராணுவத்துக்குப் பங்கு இருந்ததைக் காட்டும் ராணுவத்தின் சொந்தக் காகிதங்களையே எடுத்தார். 1992 ஜனவரி 11 அன்று அது செய்தியானது. அந்த வாரமே பிரதமர் மியாசாவா சியோல் போய் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கும் வெகு முன்பே, 1948ல், பாட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு ராணுவ நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஜாவா முகாம்களிலிருந்து டச்சுப் பெண்களை செமாராங் விடுதிகளுக்கு இழுத்துப்போன வழக்கு அது. ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு மரண தண்டனையே கிடைத்தது. இதில் யோஷிதா எங்கே வருகிறார்?

குமாரசாமியிடம் அறிக்கையைத் திருத்தச் சொல்லி ஜப்பான் 2014ல் கேட்டது உண்மை. யோஷிதாவின் பேச்சு பல ஆதாரங்களில் ஒன்றுதான் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். நம் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் அந்த அழுத்தத்துக்கு அசையவில்லை என்பதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

மறுகரை:
ஆவணம் ஆவணம் என்கிறீர்களே, அதைப் படித்தீர்களா? 1938 மார்ச் 4ம் தேதியிட்ட ராணுவ அமைச்சகக் குறிப்பு, ஆள்கடத்தல் மாதிரி நடந்துகொள்ளும் தரகர்களைக் கட்டுப்படுத்தத்தான் சொல்கிறது. அதாவது ராணுவம் குற்றத்தைத் தடுத்தது. 1944ல் பர்மாவில் மிச்சினா விழுந்தபோது பிடிபட்ட 20 கொரியப் பெண்களை விசாரித்த அமெரிக்க அறிக்கையும் அவர்களைப் பாலியல் தொழிலாளர்கள் என்றே குறிக்கிறது. சம்பாதித்தார்கள், சராசரி வயது 25. அடிமை என்ற சொல் இங்கே எப்படிப் பொருந்தும்?

பனையோலை:
பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், மறுகரை ஐயா. நீங்கள் சொன்ன இரண்டு காகிதங்களையும் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும்.

அந்த மார்ச் 4 குறிப்பு, ராணுவத்தின் பெயரைச் சொல்லி ஆள் பிடிப்பதால் ராணுவத்தின் மானம் போகிறது, சிலர் போலீசில் மாட்டுகிறார்கள் என்று கவலைப்படுகிறது. அப்புறம் என்ன சொல்கிறது? ஆள் எடுப்பதைக் களத்திலுள்ள படைகளே கட்டுப்படுத்த வேண்டும், தரகர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தந்த ஊர் ராணுவ போலீசோடும் போலீசோடும் சேர்ந்து செய்ய வேண்டும். தரகர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களைப் பொறுக்கி எடுப்பதே ராணுவம் என்று ராணுவமே எழுதிக் கொடுத்திருக்கிறது.

அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 23 அன்று, ஜப்பானிய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. ஜப்பானிலிருந்து போகிற பெண்ணுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவராகவும் இருக்க வேண்டும் என்று. அப்போது ஜப்பானின் காலனிகளாக இருந்த கொரியாவுக்கும் தைவானுக்கும் அந்தக் காப்பு இல்லை. பெண்களையும் சிறுமிகளையும் கடத்தி விற்பதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் சேரும்போதே ஜப்பான் தன் காலனிகளை விலக்கி வைத்திருந்தது. சட்டம் காத்தது யாரை, கைவிட்டது யாரை என்பது இங்கேயே தெரிகிறது.

மிச்சினா அறிக்கைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்ப்பது, கட்டுத்துணி சுருட்டுவது, சிங்கப்பூரில் புது வாழ்க்கை, வீட்டுக் கடன் அடையும் என்றெல்லாம் சொல்லித்தான் அந்தப் பெண்களைச் சேர்த்தார்கள் என்று அதே அறிக்கை சொல்கிறது. சில நூறு யென் முன்பணம். அந்தக் கடன் தீரும்வரை விடுதிக்காரனிடம் கட்டுண்டு கிடக்க வேண்டும். வருமானத்தில் பாதிக்கு மேல் அவன் எடுத்துக்கொள்வான். பொய் சொல்லிக் கூட்டிவந்து, கடனில் கட்டி, போர்முனைக் காட்டில் வைத்தால் எங்கே போவாள்? கையில் காசு இருந்ததாலேயே கொத்தடிமை இல்லை என்று நம் ஊர் செங்கல் சூளையில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? வயது 25 என்பதும் பிடிபட்டபோது எடுத்த சராசரி. அவர்களைச் சேர்த்தது 1942ல்.

கடலோடி:
பனையோலை அக்கா, இதில் எனக்கு மறுப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இவர்களுக்காக வைக்கும் பெரும்பாலான சிலைகளில் ஒரே ஒரு கொரியச் சிறுமி. அப்பனே விற்ற பெண், ஏற்கெனவே தொழிலில் இருந்த ஜப்பானியப் பெண், இவர்களுக்கு அந்தச் சிலையில் இடம் உண்டா? தேச உணர்ச்சி புகுந்தால் இப்படித்தான் ஆகும். அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றி விபச்சாரத்தை வளர்த்ததற்குத் தென்கொரிய அரசே பொறுப்பு என்று 2022ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்களுக்கு யார் சிலை வைத்தார்கள்?

செங்காந்தள்:
நியாயமான கேள்வி. ஆனால் அப்படிக் கேட்டவர்களில், அந்த விடுதிகளிலிருந்து உயிர் பிழைத்த இதே பாட்டிகளும் உண்டு. 2012ல் கிம் போக்-தோங்கும் கில் வோன்-ஓக்கும் பட்டாம்பூச்சி நிதி தொடங்கினார்கள். ஜப்பானிடமிருந்து இழப்பீடு கிடைத்தால் அதை காங்கோவில் போரில் சீரழிக்கப்பட்ட பெண்களுக்குக் கொடுப்போம் என்றார்கள். வியட்நாமில் கொரியப் படையினர் செய்ததற்கும் அந்த நிதி உதவி கொடுத்தது. தன் நாட்டு ராணுவத்தின் குற்றத்தையும் பேசியவர்களை தேச உணர்ச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மறுகரை:
எண்ணிக்கை விஷயத்தை யாரும் தொடவே இல்லை.

பனையோலை:
தொடுகிறேன். 1945 ஆகஸ்டில் ஜப்பானிய ராணுவம் மூட்டை மூட்டையாகக் காகிதங்களை எரித்தது. இன்று நாம் சொல்லும் எல்லா எண்ணும், இத்தனை படைவீரருக்கு ஒரு பெண் என்று வைத்துப் போட்ட கணக்கு. அந்த விகிதத்தை மாற்றினால் எண் மாறும், ஹாதாவுக்கும் யோஷிமிக்கும் உள்ள வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் 2010ல் அமெரிக்காவின் நியூஜெர்சி பாலிசேட்ஸ் பார்க்கில் வைத்த நினைவுச்சின்னத்தில் ‘2 லட்சத்துக்கும் மேல்’ என்று பொறித்தது தேவையில்லாத வேலை என்பதே என் கருத்து. 2011ல் சியோலில் வைத்த சிலையில் அந்த எண் இல்லை. ஜப்பானியத் தூதரகத்துக்கு முன்னால் புதன்கிழமை தோறும் நடந்த போராட்டம் ஆயிரமாவது முறையை எட்டியதைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்.

கடலோடி:
அப்படி எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் ஆய்வு முந்த வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

செங்காந்தள்:
கொரிய அரசிடம் பதிவு செய்தவர்கள் 240 பேர். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஒற்றை இலக்கம். ஆய்வு முடியும்வரை யாரைக் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?