விசில் ஊதிய அந்த நொடி: இன்னும் மனதில் உறுத்துகிற ஆட்டம் எது?

வலைக்குப் பின்னால்:
2010 கால்பந்து உலகக் கோப்பை காலிறுதி, கானா – உருகுவே. கதை சொல்லத் தேவையில்லை. 120-ஆவது நிமிடம், கோலுக்குள் போக இருந்த பந்தைக் கோல் கோட்டில் தடுத்தது உருகுவே வீரர் சுவாரெஸின் கை. ரெட் கார்டு, பெனால்டி. நடுவர்மேல் ஒரு குறையும் இல்லை, அதனால் யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. கானாவின் கியான் அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டு மேலே போனது. உடனே டிவியில் சுவாரெஸைக் காட்டினார்கள். அழுதுகொண்டே வெளியே போன ஆள், மைதான வாசலில் நின்று குதிக்கிறார்! டிவியை அணைத்துவிட்டேன். ஆட்டம் சமனானதால் மாறி மாறிப் பெனால்டி அடித்த அந்த ஷூட்-அவுட்டை இன்றுவரை பார்த்ததில்லை.

எட்டாம் நம்பர்:
அணைத்தது தப்பு. ஷூட்-அவுட்டில் கானாவுக்காக முதலில் வந்ததே கியான்தான். கோலும் போட்டார். தோற்றது வேறு விஷயம். அப்புறம், 'ஒரு குறையும் இல்லை' என்கிறீர்களே, குறை விதியிலேயே இருக்கிறது. ரக்பியில் உறுதியாக விழ வேண்டிய ட்ரையை (அங்கே கோல் மாதிரி)த் தப்பாட்டம் ஆடித் தடுத்தால், நடுவரே புள்ளி கொடுத்துவிடுவார். இங்கே கையால் தடுத்தவன் லாபக் கணக்குப் போடலாம். என் கதையைச் சொல்லத்தான் வந்தேன், கோபத்தில் மறந்துவிட்டது.

கொடி பிடித்தவன்:
பத்து வருஷம் லைன்ஸ்மேன்களைக் கண்ணில்லாதவர்கள் என்று கத்தியிருக்கிறேன். ஒருநாள் நண்பர்கள் ஆட்டத்தில் ஆள் வரவில்லை என்று என் கையில் கொடியைக் கொடுத்தார்கள். கடைசி ஐந்து நிமிடம். பந்து வந்தது, ஸ்ட்ரைக்கர் எல்லோருக்கும் முன்னால் தனியாக நின்றான். யோசிக்காமல் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினேன். விசில். கோல் ரத்து. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. ஆட்டம் முடிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே அந்த ஸ்ட்ரைக்கர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "அண்ணா, அது த்ரோ-இன்."

த்ரோ-இன்னில், அதாவது பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவதில், நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. எனக்கும் தெரியும். அந்த நொடியில் தெரியவில்லை.

நீலச் சட்டை:
நடுவர்களை விடுங்கள், எனக்குக் கோச்மேல்தான் கோபம். 2021-இல் நடந்த யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதி ஆட்டம், இங்கிலாந்து – இத்தாலி. கூடுதல் நேரம் முடியும்போது ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் பெனால்டிக்காகவே இறக்கினார் இங்கிலாந்து கோச் சவுத்கேட். கால் சூடாகக்கூட நேரமில்லை. ஒன்று போஸ்டில், ஒன்று இத்தாலி கீப்பர் டோனாருமா கையில். சாகாவுக்கு அப்போது 19 வயது, அவனைக் கடைசியில் அனுப்பி...

எட்டாம் நம்பர்:
2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து கோச் வான் ஹால் இதே நேரத்தில் கோல்கீப்பரையே மாற்றினார். புதிதாக வந்த குருல் இரண்டைத் தடுத்தார், ஜெயித்ததும் மேதை என்றோம். ஜெயித்தால் ஒரு பேச்சு, தோற்றால் ஒரு பேச்சா?

நீலச் சட்டை:
தடுக்க வருகிறவனும் உதைக்க வருகிறவனும் ஒன்றா?

வழுக்கிய கால்:
கல்லூரி ஆட்டம், ஷூட்-அவுட், என் முறை. ஊன்றிய கால் வழுக்கியது, பந்து அதில் உரசி வலைக்குள் போனது. ஒரே உதையில் பந்தை இரண்டு முறை தொட்டதாக நடுவர் ரத்து செய்தார். உரசியதை நான் உணர்ந்தேன், ஆனாலும் இல்லவே இல்லை என்று கத்தினேன். 2025 மார்ச்சில் அட்லெடிகோ மாட்ரிட் வீரர் ஆல்வரெஸுக்கு அதேதான். அப்புறம் அந்த ஜூனில் விதி வகுப்பவர்களின் விளக்கம் வந்தது: தெரியாமல் இரண்டு முறை பட்டுக் கோலானால் மறுபடி உதைக்கலாம்.

அதனால் உதைக்கப் போகிறவர்களுக்கு: முதலில் ஊன்றுகிற இடத்தைக் காலால் தட்டிப் பாருங்கள். புல் பெயர்ந்திருந்தால் ஓடி வரும் கோணத்தை மாற்றுங்கள். விசில் வந்ததும் அவசரப்படாதீர்கள், ஒரு மூச்சு விடுங்கள். கீப்பரின் கண்ணைப் பார்க்காதீர்கள். உதைக்கும் நொடியில் அவருடைய ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின்மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். முன்னால் வந்து தடுத்தால் மறு உதை, எனவே தடுத்துவிட்டார் என்றதும் தலையில் கைவைத்து உட்காராமல் நடுவரைப் பாருங்கள்.

கொடி பிடித்தவன்:
இங்கே யாருங்க நாளைக்குப் பெனால்டி அடிக்கப் போகிறார்கள்?

வலைக்குப் பின்னால்:
எட்டாம் நம்பர் சொன்னாரே என்று கியானின் அந்த உதையைத் தேடிப் பார்த்தேன். மறுபடியும் மேலேயேதான் அடித்திருக்கிறார். என்ன மனுஷன்!