மறுமொழி: அக்கதீசியாவுக்கு 'இருப்புக்கொள்ளாமை' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். மருந்தின் பக்கவிளைவாக ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பதை அக்கதீசியா என்கிறோம். அதற்கு 'இருப்புக்கொள்ளாமை' என்ற சொல் பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'அமைதியின்மை' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும் சொல்.

புரியும் ஐயா. ஆனால் இந்த இடத்தில் அது நோயாளிக்குக் கெடுதல் செய்யும். நாம் தமிழாக்குவது ஹாலோபெரிடால் துண்டறிக்கை. மனச்சிதைவு, மேனியா (மிதமிஞ்சிய மன எழுச்சி), கடும் கொந்தளிப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் மருந்து அது. அந்த நோய்களிலேயே அமைதியின்மை உண்டு. அக்கதீசியாவோ இங்கே மருந்தால் வருவது. பெரும்பாலும் தொடங்கிய சில நாள்களில் அல்லது சில வாரங்களில், இல்லையென்றால் அளவைக் கூட்டிய பிறகு. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து மருந்தை இன்னும் கூட்டிவிடுவார்கள். அவதியும் கூடும். அந்த அவதி தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகக்கூடியது. அதனால்தான் தனிச்சொல் வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

புறநோயாளிப் பிரிவில் இதை அடிக்கடி பார்க்கலாம். பையன் பெஞ்சின் நுனியில் உட்காருவான், கால்மேல் கால் போடுவான், எடுப்பான், எழுந்து தண்ணீர்க் குழாய்வரை போய்த் திரும்புவான். நின்றாலும் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பான். கூட வந்த அம்மா, "ஒரு இடத்தில இருப்புக்கொள்ள மாட்டேங்கிறான் டாக்டர்" என்பார். நாம் தேடும் சொல் அவர் வாயிலேயே இருக்கிறது.

> 'உட்கார இயலாமை' மூலத்துக்கு நெருக்கமானது.

மூலத்துக்கு நெருக்கம்தான். செக் நரம்பியலாளர் லாதிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல், உட்காராமை என்ற பொருளில்தான் கிரேக்க வேர்களைக் கொண்டு பெயர் வைத்தார். ஆனால் 'உட்கார இயலாமை' என்று படிப்பவருக்கு மூலநோயோ முதுகுவலியோதான் நினைவுக்கு வரும். அப்புறம், அக்கதீசியாவை அளக்க 1989இல் வந்த பார்ன்ஸ் அளவுகோலில் நோயாளியை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் தலா இரண்டு நிமிடமாவது கவனிக்கச் சொல்கிறார்கள். நிற்கும்போதும் இருக்கிற தொல்லையை உட்காருவதோடு முடித்துவிட முடியாது. 'இரு' என்ற வினை அமர்வதையும் ஓரிடத்தில் தரிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. உடல் மட்டுமில்லாமல் மனமும் தவிப்பதை 'கொள்ளாமை' காட்டிவிடுகிறது.

> மகள் வீடு திரும்பும்வரை எனக்கும் இருப்புக்கொள்ளாது. கலைச்சொல்லாக நிற்குமா?

நிற்கும் அம்மா. மயக்கம், வீக்கம் எல்லாம் பேச்சிலும் இருக்கின்றன, மருத்துவத்திலும் இருக்கின்றன. குழப்பம் வரும் இடத்தில் 'மருந்துவழி இருப்புக்கொள்ளாமை' என்று எழுதலாம். அரிபிபிரசோல் போன்ற புதிய மனநோய் மருந்துகளுக்கும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடுக்கும் இதே சொல் பொருந்தும்.

துண்டறிக்கைக்கு என் வரைவு:

"இந்த மருந்தால் இருப்புக்கொள்ளாமை வரலாம். காலை அசைக்காமல் இருக்க முடியாது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். நோய் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ வேறு மருந்து கொடுத்தோ சரிசெய்யலாம். தற்கொலை எண்ணம் வந்தாலோ, காய்ச்சலோடு உடல் விறைத்தாலோ தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்."

புரோப்ரனலால் இருப்புக்கொள்ளாமைக்கு வழக்கமாகத் தரும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அது மருத்துவர் பதிப்பில் இருந்தால் போதும். ஆனால் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் கூடாது என்பதும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் நோயாளி பதிப்பின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

அடுத்த சொல் அக்யூட் டிஸ்டோனியா, இதே மருந்தால் தசைகள் திடீரென்று இறுகுவது: கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே செருகிக்கொள்வது. நம் சொற்பட்டியலில் 'இசிவு' என்று இருக்கிறது. அதைப் படித்தால் வலிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 'தசைத்திருகல்' சரிவருமா? வட்டார வழக்கில் வேறு சொல் இருந்தாலும் எழுதுங்கள்.